‘அவன் போயாக வேண்டும்’: ஜிம் ரீவ்ஸ் பாட்டில் உண்மையில் என்ன நடக்கிறது?

அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் பாடிய ‘ஹீல் ஹாவ் டு கோ’வை (He'll Have to Go, ‘அவன் போயாக வேண்டும்’) இனிமையான காதல் பாட்டு என்று நினைத்துக் கேட்கிறவர்கள் ஏராளம். திருமண நாள் வாழ்த்தோடு வானொலியில் போடச் சொல்லலாம், காதலிக்கு அனுப்பலாம் என்று தோன்றும்படிதான் அது காதில் விழுகிறது. சொற்களைக் கவனித்தால் நிலைமையே வேறு. ஒருத்தி வீட்டில் இன்னொருவனோடு இருக்கிறாள். அவளை இழந்துகொண்டிருக்கும் ஒருவன் வெளியிலிருந்து ஃபோன் செய்கிறான். ‘அவனைப் போகச் சொல்கிறாயா, இல்லை நான் ஃபோனை வைத்துவிடட்டுமா?’ என்று கேட்கிறான். கதை அவ்வளவுதான். அவள் என்ன சொன்னாள் என்று பாட்டு கடைசிவரை சொல்வதில்லை.

இவ்வளவு கசப்பான சங்கதி ஏன் இவ்வளவு இதமாகக் கேட்கிறது? கேட்பவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது நியாயமில்லை. பாட்டே அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. அதன் பொருளில் பாதி சொற்களில் இருக்கிறது. மறுபாதி சத்தத்தின் அளவில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முறிந்துகொண்டிருக்கும் உறவைப் பற்றி அது என்ன சொல்கிறது என்பது பிடிபடும்.

### முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

1. கன்ட்ரி இசை. அமெரிக்காவின் தென்மாநிலக் கிராமங்களில் பாடப்பட்ட நாட்டுப்பாடல்கள், தேவாலயப் பாடல்கள், கறுப்பின மக்களின் ப்ளூஸ் எல்லாம் கலந்து உருவானது. 1925-இல் நாஷ்வில் நகரத்தில் தொடங்கிய ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ வானொலி நிகழ்ச்சியும், 1927-இல் பிரிஸ்டல் நகரத்தில் நடந்த இசைத்தட்டுப் பதிவுகளும் அதை நாடு முழுக்கக் கொண்டுபோயின. சாதாரண மனிதர்களின் சாதாரண வாழ்க்கையைக் கதையாகச் சொல்வது இதன் பலம்.

2. ஹாங்கி-டாங்க். 1933-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியபின் டெக்சஸ் எண்ணெய் வயல்களை ஒட்டிய ஊர்களில் பெருகிய மலிவான மதுக்கடைகளுக்கும், அங்கே வளர்ந்த பாட்டு வகைக்கும் இதே பெயர். குடி, ஏமாற்றம், கள்ளக்காதல், விவாகரத்து ஆகியவை இந்தப் பாட்டுகளில் வெளிப்படையாக வந்தன. இரைச்சலான கடைக்குள் கேட்க வேண்டும் என்பதால் மின்கித்தார் வந்தது, பாடுபவரும் குரலை உயர்த்திப் பாடினார்.

3. ஜூக்பாக்ஸ். காசு போட்டால் விரும்பிய இசைத்தட்டைப் போடும் பெட்டி. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கா முழுக்க மதுக்கடைகளிலும் காப்பிக்கடைகளிலும் லட்சக்கணக்கில் இருந்தது. பாட்டைத் தேர்ந்தெடுப்பது வாடிக்கையாளர். சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது கடைக்காரர். இந்த விவரம் நம் பாட்டுக்கு மிகவும் தேவை.

4. நாஷ்வில் சவுண்ட். 1956-இல் எல்விஸ் பிரெஸ்லி புகழின் உச்சிக்குப் போனபோது இளைஞர்கள் ராக் அண்ட் ரோல் பக்கம் போய்விட்டார்கள். கன்ட்ரி இசைத்தட்டுகளின் விற்பனை அடிவாங்கியது. ஆர்சிஏ நிறுவனத்தில் செட் அட்கின்ஸ், டெக்கா நிறுவனத்தில் ஓவன் பிராட்லி ஆகிய தயாரிப்பாளர்கள் ஃபிடிலையும் (நாட்டுப்புறப் பாணியில் வாசிக்கும் வயலின்) கம்பிமேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஸ்டீல் கித்தாரையும் ஒதுக்கிவிட்டு, மென்மையான பியானோ, பின்னணிக் குழுக்குரல், சில பாட்டுகளில் வயலின் கூட்டிசை என்று மாற்றினார்கள். நகரத்து நடுத்தர வர்க்கமும் வாங்கக்கூடிய கன்ட்ரி இசை அப்படி உருவானது.

### பாட்டு வந்த வழி

எழுதியவர்கள் ஜோ அலிசன், ஆட்ரி அலிசன் என்ற கணவன் மனைவி. ஆட்ரியின் குரல் மெல்லியது, ஃபோனில் சரியாகக் கேட்காது. ‘இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பேசு’ என்று ஜோ அடிக்கடி சொல்வார், அதிலிருந்துதான் முதல் வரி வந்தது என்று சொல்வார்கள். பில்லி பிரவுன் என்பவர் முதலில் பாடினார், அது எடுபடவில்லை. 1959 அக்டோபரில் ரீவ்ஸ் நாஷ்வில்லில் பதிவுசெய்தார். தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ், பியானோ ஃப்ளாய்டு கிரேமர்.

இதை வெற்றிப் பாட்டாக நிறுவனம் எதிர்பார்க்கவில்லை. இசைத்தட்டின் முன்பக்கத்தில் வேறொரு பாட்டு இருந்தது; இது பின்பக்கம். வானொலி அறிவிப்பாளர்கள்தான் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். 1960-இல் அமெரிக்க இசை இதழான பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. எல்லா வகைப் பாட்டுகளும் போட்டியிடும் பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போனது. நாஷ்வில் சவுண்டின் கணக்கு பலித்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

### வரிக்கு வரி என்ன நடக்கிறது

பாட்டு இரண்டரை நிமிடம்கூட இல்லை. அதற்குள் மூன்று பேர், இரண்டு இடங்கள், ஒரு பேரம்.

1. வாயை ஃபோனுக்குப் பக்கத்தில் கொண்டுவா என்கிறான். கொஞ்சல் போலத் தெரிகிறது. ஆனால் அவள் குரல் சரியாகக் கேட்கவில்லை என்பதும் இதில் இருக்கிறது. அவன் இருக்கும் மதுக்கடையின் இரைச்சலாலும் இருக்கலாம், அறையில் இன்னொருவன் இருப்பதால் அவள் தாழ்ந்த குரலில் பேசுவதாலும் இருக்கலாம்.

2. நாம் இருவரும் தனியாக இருப்பதாகப் பாவனை செய்வோம் என்கிறான். பாட்டின் இரண்டாவது வரியே இதுதான். உறவு எந்த நிலைமையில் இருக்கிறது என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது. நிஜமாகச் சேர்ந்திருப்பவர்களுக்குப் பாவனை தேவைப்படாது. அவன் திரும்பப் பெற நினைப்பது அவளைக்கூட அல்ல; முதலில் ஒரு தோற்றத்தையாவது.

3. ஜூக்பாக்ஸைக் குறைக்கச் சொல்கிறேன், நீ உன்னோடு இருப்பவனைப் போகச் சொல் என்கிறான். பேரம் இதுதான். மதுக்கடை என்ற சொல் பாட்டில் எங்குமே கிடையாது. ஜூக்பாக்ஸ் என்றதுமே 1959-இல் கேட்டவர்களுக்கு இடம் புரிந்திருக்கும். இந்தப் பேரம் எவ்வளவு ஏற்றத்தாழ்வானது என்று பாருங்கள். அவன் செய்ய வேண்டியது கடைக்காரரிடம் ஒரு வார்த்தை. அவள் செய்ய வேண்டியது வீட்டில் இருக்கும் ஒரு மனிதனை எழுப்பி வெளியே அனுப்புவது. இரண்டையும் ஒரே மூச்சில், ஒன்றுக்கொன்று ஈடு போல அவன் சொல்லிவிடுகிறான். இந்த உறவு ஏன் தேய்ந்தது என்பதற்குப் பாட்டு நேரடியாகக் காரணம் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்து இந்த வரிதான் மிக நெருங்கி வருகிறது: தான் கொடுப்பது எவ்வளவு, கேட்பது எவ்வளவு என்ற கணக்கே அவனுக்குத் தெரியவில்லை.

4. என்னைக் காதலிக்கிறாயா, மெதுவாகச் சொல் என்கிறான். உடனே அடுத்த கேள்வி: அவனும் என்னைப் போலவே உன்னை அணைத்துக்கொண்டிருக்கிறானா? இதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பதில் எதுவானாலும் வலிக்கத்தான் போகிறது. சந்தேகம் தின்னும் மனம் கேட்காமல் இருக்காது.

5. உன்னால் இப்போது வெளிப்படையாகப் பேச முடியாது, ஆமா இல்லையா என்று மட்டும் சொல் என்கிறான். பாட்டின் மிகக் கூர்மையான இடம். பக்கத்தில் இருப்பவனுக்கு ‘ஆமா’, ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லிலிருந்து எதுவும் புரியாது. ரகசியமாகப் பேச வேண்டிய சூழலில் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியும் என்ற கேள்வி கேட்பவர் மனசில் விழுந்துவிடுகிறது.

அதோடு ‘எது சொன்னாலும் புரிந்துகொள்வேன்’ என்றும் சேர்த்துக்கொள்கிறான். இதைப் பெருந்தன்மையாகவும் எடுத்துக்கொள்ளலாம், முன்கூட்டியே தோல்வியை ஏற்றுக்கொண்டதாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

6. மறுபடி முதல் வரிகளுக்கே திரும்புகிறான். ஆமா, இல்லை என்று பதில் கேட்டாகிவிட்டது. அடுத்து வருவது பதில் அல்ல, அதே வேண்டுகோள்: வாயை ஃபோனுக்குப் பக்கத்தில் கொண்டுவா. பாட்டுகளில் முதல் பகுதி திரும்ப வருவது வழக்கம்தான். இங்கே அது கதையாகவும் மாறுகிறது. அவள் எதுவும் சொல்லவில்லை, அல்லது சொன்னது அவன் காதில் விழவில்லை. அதனால் முதலிலிருந்து ஆரம்பிக்கிறான்.

### இந்த மூன்று பேரும் யார் யாருக்கு என்ன உறவு?

அதிகக் குழப்பம் இங்கேதான். ஃபோன் செய்பவன் கணவனா? ஏமாற்றப்பட்ட காதலனா? அல்லது அவனேதான் மூன்றாம் ஆளா?

கணவன் என்று வைத்துக்கொண்டால், தன் வீட்டுக்கு ஃபோன் செய்து, உள்ளே இருக்கும் இன்னொருவனை அனுப்பிவிடும்படி இவ்வளவு பணிவாகக் கேட்க வேண்டும். ஹாங்கி-டாங்க் பாட்டில் வரும் கணவன் நேராக வீட்டுக்குக் கிளம்பியிருப்பான். மூன்றாம் ஆள் என்று வைத்துக்கொண்டால், அவளோடு இருப்பவன் கணவனாக இருக்க வேண்டும். கணவனை ‘உன் நண்பர்’ என்று குறிப்பிட்டு வெளியே போகச் சொல்ல முடியாது. முடிந்துபோன உறவின் பழைய காதலன் என்று வைத்துக்கொண்டால், அணைப்பைப் பற்றிப் பேசும்போது ‘நான் அணைத்தது போல’ என்று கடந்தகாலத்தில் சொல்லியிருக்க வேண்டும். அவன் நிகழ்காலத்தில் சொல்கிறான்.

ஆகவே பொருத்தமான வாசிப்பு: இருவரும் இன்னும் காதலர்கள், அல்லது அவன் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறான். அவள் பாதி விலகிவிட்டாள். திருமணத்தைப் பற்றிப் பாட்டில் ஒரு குறிப்பும் கிடையாது. எழுதியவர்கள் அதை வேண்டுமென்றேதான் விட்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது. மோதிரமோ குழந்தையோ வந்திருந்தால் கேட்பவர் உடனே யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடுவார். இப்போது தீர்ப்புக்கு இடமில்லை. ஃபோன் கம்பியின் ஒரு முனையில் நிற்பவனின் தவிப்பு மட்டும் மிஞ்சுகிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அவன் ஏன் மதுக்கடையில் இருக்கிறான்? அவள் வேண்டும் என்றால் நேரில் போயிருக்கலாமே? தூரத்து ஊரில் வேலையா, சண்டையா, பழக்கமா, எதுவும் பாட்டில் இல்லை. ஆனால் ஜூக்பாக்ஸ் பக்கத்தில் நிற்கிறான் என்பது தெரிகிறது. அவள் பக்கத்து நியாயத்துக்கு அது ஒரு சிறு கதவைத் திறந்துவைக்கிறது. பிறகு வேறொருவர் அந்தக் கதவு வழியாகவே நுழைந்தார், அதற்கு வருகிறேன்.

### குரல் ஏன் இவ்வளவு பக்கத்தில் கேட்கிறது

1953-இல் வெளிவந்த ‘மெக்சிகன் ஜோ’வில் ரீவ்ஸ் பாடுவதைக் கேட்டால் வேறு யாரோ என்று நினைப்பீர்கள். உரத்த குரல், துள்ளல் நடை. 1957-இல் ‘ஃபோர் வால்ஸ்’ பாட்டுக்குத்தான் மாறினார். சுருதியை இறக்கி, உதடு மைக்கைத் தொடும் அளவுக்கு நெருங்கி, பேசுவது போலப் பாடினார். நிறுவனத்தில் எதிர்ப்பு இருந்தது. அட்கின்ஸ் அவர் பக்கம் நின்றார். பாட்டு வென்றது. அந்தக் குரலின் முழுப் பயனும் ‘ஹீல் ஹாவ் டு கோ’வில்தான் கிடைத்தது.

குறிப்பிட்ட திசையிலிருந்து வரும் ஒலியை மட்டும் வாங்கும் மைக்குகளில், பாடுபவர் மிக அருகே வந்தால் கீழ்ஸ்தாய் ஒலிகள் தடித்துப் பதிவாகும். காதோடு காதாகப் பேசுவது போன்ற உணர்வு அதனால் வருகிறது. கடையின் இரைச்சலை மீறுவதற்காக வளர்ந்த ஓர் இசைவகையில், ஒருவர் குரலைத் தாழ்த்திப் பாடுகிறார். பாட்டுக்குள் இருப்பவனோ ஜூக்பாக்ஸைத் தாழ்த்தச் சொல்கிறான். ஃபிடில் இல்லை, ஸ்டீல் கித்தார் இல்லை. பியானோவும், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனும் ஒதுங்கி ஒதுங்கி ஒலிக்கின்றன. சொற்கள் கேட்ட அமைதியை இசைப்பதிவு ஏற்கெனவே கொடுத்துவிட்டது. ஜூக்பாக்ஸைக் குறைக்கும் வரி முடியும்போது மெட்டும் அடித்தளத்துக்கு இறங்கிவிடுகிறது.

இதில் ஒரு சோகமான தொழில்நுட்ப உண்மையும் உண்டு. சாதாரண ஃபோன் இணைப்பு சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைத்தான் கடத்தும். ஆண்குரலின் அடிச்சுருதி அதற்கும் கீழே, ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. நம் மூளை அதை ஊகித்து நிரப்பிக்கொள்வதால் பேச்சு புரிந்துவிடும். ஆனால் குரலின் கனமும் கதகதப்பும் கம்பியில் போகாது. நம்மை மயக்கும் அந்தக் கனத்த குரல் நமக்கு மட்டும்தான் கேட்கிறது. அவளுக்குக் கேட்டிருக்கக்கூடியது மெலிந்த, தகரம் தட்டிய ஒரு குரல். நாம் அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்று கேட்கிறோம். அவள் மறுமுனையில் இருக்கிறாள். இதைக் காதல் பாட்டு என்று நாம் எடுத்துக்கொள்வதற்குப் பெரிய காரணம் இதுவே. நம்மை அவன் வசப்படுத்திவிட்டான். அவளை வசப்படுத்தினானா என்பது வேறு கேள்வி.

### இலங்கையிலும் தமிழ்நாட்டிலும்

ரீவ்ஸ் 1964 ஜூலை 31 அன்று நாஷ்வில் அருகே, புயல் மழையில் தானே ஓட்டிய சிறுவிமானம் விழுந்து இறந்தார். வயது 40. அமெரிக்காவுக்கு வெளியே அவர் புகழ் அதற்குப் பிறகும் குறையவில்லை. தென்னாப்பிரிக்கா, நார்வே, இந்தியா, இலங்கை என்று பல நாடுகளில் அவருக்குத் தனி ரசிகர் கூட்டம் இருந்தது. நம் பக்கத்தில் ரேடியோ சிலோனின் ஆங்கிலச் சேவை வழியாகவும், ஆங்கிலோ-இந்தியர் வீடுகளிலும் கிறித்தவக் குடும்பங்களிலும் அவர் பாட்டுகள் பரவின. 1963-இல் வந்த அவருடைய கிறிஸ்துமஸ் இசைத்தட்டும் பக்திப் பாடல்களும் டிசம்பர் மாதமானால் ஒலித்தன. ஒருவரை முதலில் கிறிஸ்துமஸ் பாட்டில் கேட்டுப் பழகியவர்களுக்கு, அதே குரல் கள்ளத்தொடர்பைப் பற்றிப் பாடுகிறது என்று தோன்றாதது இயல்புதான். ஹாங்கி-டாங்க் கடையோ ஜூக்பாக்ஸோ நம் ஊர்களின் அன்றாடத்தில் இல்லாததும் சேர்ந்துகொண்டது. இடத்தைக் காட்டும் ஒரே சொல் நம்மவர்களுக்கு வெறும் பாட்டுப்பெட்டியாகக் கடந்துபோயிருக்கும்.

### அவள் பதில் சொன்னாள்

கன்ட்ரி இசையில் ‘பதில் பாட்டு’ என்றொரு மரபு உண்டு. ஒரு பாட்டு பெரிய வெற்றி பெற்றால், அதே மெட்டிலோ அதை ஒட்டியோ எதிர்த்தரப்பு வாதத்தை இன்னொருவர் பாடுவார். ஆண்கள் பாடிய பாட்டுக்குப் பெண்கள் பதில் தந்தவையே இதில் முக்கியமானவை. 1952-இல் ஹேங்க் தாம்சன் பாட்டுக்குக் கிட்டி வெல்ஸ் தந்த பதில், பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் தனியாகப் பாடிய ஒரு பெண் முதலிடம் பிடித்த முதல் பாட்டானது.

1960-இல் ஜீன் பிளாக் என்ற பாடகி ‘ஹீல் ஹாவ் டு ஸ்டே’ பாடினார். மெட்டு அதே, முடிவு ‘அவன் இருப்பான்’. பொதுப் பட்டியலில் நான்காம் இடம்வரை வந்தது என்றால், அவள் தரப்பைக் கேட்க எவ்வளவு பேர் காத்திருந்தார்கள் என்று பாருங்கள். அதில் அவள் சொல்வது ஏறத்தாழ இது: ஜூக்பாக்ஸ் சத்தம் எனக்கும் கேட்கிறது. நீ இன்றும் இன்னொருத்தியோடு வெளியே இருக்கிறாய். எத்தனையோ தடவை மனசை உடைத்துவிட்டாய். உன் இடத்தில் இப்போது வேறொருவர் இருக்கிறார், அவர் என்னை உன்னைவிடப் பரிவாக அணைக்கிறார்.

முதல் பாட்டில் பேரப்பொருளாக இருந்த ஜூக்பாக்ஸ் இரண்டாவதில் சாட்சியாகிவிட்டது. ‘குறைக்கச் சொல்கிறேன்’ என்று அவன் பெருமையாகச் சொன்னதே அவன் எங்கே இருக்கிறான் என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அணைப்பைப் பற்றிய அவன் கேள்விக்கும் நேரடிப் பதில் கிடைத்துவிட்டது. என்னைக் கேட்டால், இந்த இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். முதலாவது கலையாக மேலானது, சந்தேகமே இல்லை. அது எதையும் முடித்துவைப்பதில்லை. ஆனால் இரண்டாவதைக் கேட்டபிறகு முதலாவதில் அவன் சொல்லும் எந்த வரியையும் அப்படியே நம்ப முடியாது.

### சத்தம் மாறினால் பொருளும் மாறுகிறது

பலர் இதைத் திரும்பப் பாடியிருக்கிறார்கள். எல்விஸ் 1976 அக்டோபர் கடைசியில், தன் கிரேஸ்லேண்ட் வீட்டில் செய்த பதிவுகளில் இதுவும் ஒன்று. அதே ஆண்டு அமெரிக்க கித்தார் கலைஞர் ரை கூடர் வெளியிட்ட பதிவு இன்னும் சுவாரசியமானது. அவர் டெக்சஸ்-மெக்சிகோ எல்லைப் பகுதியின் அக்கார்டியன் கலைஞர் ஃப்ளாக்கோ ஹிமனெஸைச் சேர்த்துக்கொண்டு, பாட்டை ஆட்டத்துக்கேற்ற நடைக்கு மாற்றினார்.

சொற்கள் அதேதான். ஆனால் அக்கார்டியன் வந்ததும், ரீவ்ஸ் பதிவில் வெளியேற்றப்பட்டிருந்த கடை திரும்ப உள்ளே வந்துவிடுகிறது. சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆடுகிறார்கள், இவன் ஒரு மூலையில் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறான். ஜூக்பாக்ஸைக் குறைக்கச் சொல்கிறேன் என்று இங்கேயும் பாடப்படுகிறது. இந்தப் பதிவில் யாரும் குறைக்கவில்லை.